அடியில் வெட்டிய எழுத்து

2013 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டார் என்று அவர் வீட்டு பேஸ்மென்டுக்குள் இறங்கினேன். பென்சில்வேனியாவின் மேற்கே, பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற சிற்றூர் எங்களுடையது. வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே கொதிகலனை அடுத்து ஒரு மர அலமாரி, அதன் மேல்தட்டில் ஒரு காபி டப்பா. மூடியைத் திறந்ததும் பழைய பித்தளை வாசனை மூக்கில் ஏறிற்று. எனக்கு அது பிறந்த நாள் முதல் பழக்கமான வாசனை. கும்பகோணத்தில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை.

டப்பா நிறைய ரைஃபிள் தோட்டாக்கள். கீழ்த்தட்டுகளில் துணிப் பட்டைகளில் செருகியவை, மூடி பற்றவைத்த தகர டின்களில் அடைத்தவை என்று தரை வரைக்கும் இருந்தன.

அம்மாளின் கணவர் முந்தின நவம்பரில் இறந்திருந்தார். கொரியப் போருக்குப் போய் வந்தவர், பிறகு எஃகு ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 2018 வரை எங்கள் பக்கத்தில் நன்றித் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் மான் வேட்டை தொடங்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அந்தத் திங்களைப் பார்க்காமல் போனதுதான் அவருக்குக் குறையாக இருந்திருக்கும் என்று அம்மாள் சொன்னார். துப்பாக்கிகளை மகன் டெக்சஸுக்கு எடுத்துப் போய்விட்டான். இத்தனை கனத்தை எப்படிக் கொண்டுபோவது என்று தோட்டாக்களை மட்டும் விட்டுவிட்டான்.

“ஒருத்தர் வந்து பார்த்தார். எல்லாம் சேர்த்து 300 டாலர் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டார். கொதிகலன் அந்த வாரத்தில் இரண்டு தடவை அணைந்துபோயிருந்தது. புதிது போடாமல் அடுத்த குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. “நீங்கள் உலோகம் படித்தவர்தானே, இதெல்லாம் என்ன பெறும் என்று பார்த்துச் சொல்லுங்களேன்.”

நான் திருச்சி ஆர்.இ.சி.யில் உலோகவியல் படித்தவன். பித்தளையைப் பற்றிச் சொல்லலாம். தோட்டாவைப் பற்றி என்ன தெரியும்? ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி, “நமக்கு எதுக்குங்க இந்த வெடி சமாச்சாரம்? முன்னூறுக்குக் கேக்கறவன்கிட்ட கொடுத்துடச் சொல்லுங்க” என்றாள். அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது மூன்று வாரம் மூத்தவளைப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாள். பார்க்காமல் ஒரு விலையை எப்படிச் சொல்வது?

அப்பா பழைய பாத்திரம் எடுக்கும்போது முதலில் அதைக் கவிழ்ப்பார். அண்டாவோ குத்துவிளக்கோ, யார் வீட்டுச் சொத்து, எந்த வருஷத்துச் சீர் என்பது விளிம்பிலோ அடியிலோ வெட்டியிருக்கும். எழுத்தைப் படித்த பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. கீறல் இருந்தால் ஓசை மங்கிவிடும். அதற்கப்புறம்தான் தராசு. “ஒட்டுப் போட்ட அண்டாவை ஒட்டுப் போட்டதுன்னு சொல்லி வித்தா, வாங்கினவன் அடுத்த கல்யாணத்துக்கும் நம்ம கடைக்குத்தாண்டா வருவான்” என்பார். அதை அவர் வியாபார தந்திரமாகச் சொன்னதில்லை. பொய் சொல்லி விற்ற பணம் அவருக்குக் கையில் ஒட்டாது.

மறுநாள் காபி டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, விளக்குக்குக் கீழே கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வட்டமாக எழுத்து வெட்டியிருந்தது.

பக்கத்து ஊரில் ஒரு சின்னத் துப்பாக்கிக் கடை. அதை நடத்தியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேலை நாட்களில் கூட்டம் குறைவு என்பதால் மாலையில் போய் அவர் மேஜை எதிரில் உட்கார்ந்துகொள்வேன். வெர்னியர், பூதக்கண்ணாடி, ஒரு குட்டிக் காந்தம் மூன்றையும் என் முன்னால் வைத்தார். ஃபிராங்க் பார்ன்ஸ் 1965-ல் முதலில் வெளியிட்ட தோட்டா அகராதியின் பழைய பிரதி ஒன்றையும் கொடுத்தார். அட்டை பிய்ந்து, எண்ணெய்க் கறை படிந்த புத்தகம்.

முதல் வேலை பிரிப்பது. ஒரு டப்பாவில் நாலு ஜாதி கலந்து கிடந்தால் அதற்கு விலையே கிடையாது, அது ஆபத்து என்றார். பித்தளைக் கூட்டின் நீளத்தை அளந்தால் பாதி தெரிந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவுக்குக் கூடு 63 மில்லிமீட்டர். அந்த 06 என்பது 1906-ஆம் வருஷம். ஜெர்மானிய மவுசருக்கு 57, பிரிட்டிஷ் .303-க்கு 56, ரஷ்யத் தோட்டாவுக்கு 54. பின்னிரண்டுக்கும் அடியில் ஆணித்தலை மாதிரி விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், முன்னிரண்டுக்கும் கிடையாது. கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற இரண்டை மாற்றிப் போட்டுச் சுட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம்.

நாலு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு பட்டைக்கு 48 வீதம் .30-06 தோட்டா 11 பட்டை. எட்டெட்டாகக் கிளிப்பில் மாட்டி, பட்டைக்கு ஆறு கிளிப் வைத்துத் தைத்தவை. துருக்கிக் குடியரசின் டி சி எழுத்துகளும் 1940-களின் ஆண்டும் வெட்டிய மவுசர் தோட்டா, பட்டைக்கு 70 வீதம் 6 பட்டை. ரஷ்ய டின் இரண்டு, ஒவ்வொன்றிலும் 440. அந்த டின்னைத் திறக்கவே வேண்டியதில்லை. வெளியில் கறுப்பு மையில் வகை, எண்ணிக்கை, அடைத்த ஆண்டு, ஆலையின் எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். 188 என்றால் சைபீரியாவின் நவசிபிர்ஸ்க். மூடி பிரியாத டின்னைத் திறந்து பார்க்கிறவன் அதன் விலையில் கால் பங்கைத் தானே வெட்டிப் போடுகிறான் என்று கடைக்காரர் சொன்னார். இவை போக, காபி டப்பாவில் உதிரியாக .303, பிரிக்காத .303 அட்டைப்பெட்டி ஒன்று.

.30-06 பட்டைகளில் மூன்றில் குண்டின் நுனி கறுப்பாக இருந்தது. கவசம் துளைக்கிற வகை. உள்ளே எஃகுத் தண்டு. காந்தத்தை வைத்தால் தோட்டா தொங்கும். அமெரிக்க ராணுவத்தில் நுனி வண்ணம்தான் குண்டின் பாஷை. கறுப்பு துளைப்பது, நீலம் தீமூட்டுவது. பிரிட்டிஷ்காரர்கள் நுனிக்குப் பதிலாக அடியில், பிரைமர் என்கிற நடுக்கிண்ணத்தைச் சுற்றி மோதிரம் போல் அரக்கு வண்ணம் பூசினார்கள். ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு என்றால் பறக்கிற வழியில் ஒளி விடுவது, பச்சை கவசம் துளைப்பது. இந்தச் சின்ன வண்ணத் தீற்றலுக்குத்தான் சேகரிப்பவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

அது தெரியாமல் நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். உதிரி .303-களில் பச்சைக் களிம்பு கண்டதும் என் கை தானாகப் புளியைத் தேடிற்று. எங்கள் கடையில் பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால்தான் வாங்குகிறவன் நின்று பார்ப்பான். ஒரு கிண்ணத்தில் கரைத்தும் விட்டேன். நல்லவேளையாக, அன்றைக்குக் கடைக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். தேய்த்தால் ஊதா மோதிரம் போய்விடும், அறுபது எழுபது வருஷத்து நிறம் போய்விடும், பிரைமர் ஓரமாக ஈரம் இறங்கினால் தோட்டாவே செத்துவிடும். பழைய தோட்டாவை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மங்கல் நிறம் வேறு, களிம்பு வேறு. நிறம் மங்கினதை அப்படியே விற்கலாம். களிம்பு ஏறி உலோகத்தில் குழி விழுந்திருந்தால் தனியே எடுத்து வைக்க வேண்டியதுதான்.

விலையைப் புரட்டிப் போடுகிற விஷயம் பிரைமர். கூட்டின் அடியில் நடுவே இருக்கிற குட்டிக் கிண்ணம் அது. ஊசி அதைத் தட்டும்போது வருகிற பொறிதான் மருந்தைப் பற்றவைக்கிறது. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்துவிடும். உப்பின் பங்காளி. ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி எப்படி நீர் கோத்துக்கொள்ளுமோ அப்படி அதுவும் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். மறுநாளே குழலுக்குள் துரு. எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். சோவியத், துருக்கித் தோட்டாக்களுக்கும் பழைய பிரிட்டிஷ் தோட்டாக்களுக்கும் இதுவே விதி. அமெரிக்க ராணுவ ஆலைகள் .30-06 தோட்டாவில் 1950-களின் தொடக்கத்தில்தான் உப்பு விடாத பிரைமருக்கு மாறின. அதனால் அடியில் வெட்டிய ஆண்டுக்கு ஒரு டாலர் கணக்கு உண்டு.

இங்கேதான் தவறினேன். சாதாரண .30-06 எட்டுப் பட்டையில் ஐந்தின் அடியில் ‘எல் சி 53’. மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலை, 1953. சந்தேகமே இல்லை, உப்பு விடாதது. மற்ற மூன்று பட்டையிலும் ‘எல் சி 4’ என்று மட்டும் இருந்தது. 53-க்குப் பக்கத்தில் 4 இருந்தால் 54-ஆகத்தான் இருக்கும், ஓர் எண் தேய்ந்திருக்கும் என்று என் புத்தி முடிவு கட்டிவிட்டது. பூதக்கண்ணாடி கையில் இருந்தும் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று நான் தேடவில்லை. எட்டுப் பட்டைக்கும் ‘உப்பு விடாது, 40 டாலர்’ என்று சீட்டு எழுதிக் கட்டினேன். அந்த மூன்றில் ஒரு பட்டையை அந்த வாரமே ஓர் ஆள் வாங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அது 1944” என்றார். போர் நடுவில் பல ஆலைகள் 44 என்று வெட்டாமல் ஒற்றை 4 மட்டும் வெட்டின. 1944 என்றால் உப்பு விடுகிற தோட்டா. வாங்கினவர் தன் அப்பா வைத்திருந்த எம்-1 ரைஃபிளில் சுடப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை நம்பிக் கழுவாமல் அலமாரியில் வைத்தார் என்றால் அந்தக் குழல் போச்சு.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே அவர் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சுடப் போவதாக இருந்தார். நடந்ததைச் சொன்னேன். வெந்நீர் விவரமும் சொன்னேன். திருப்பித் தந்தால் முழுப் பணமும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என் அப்பாவும் அந்த வருஷம்தான் ஐரோப்பாவில் இருந்தார். நான் வைத்துக்கொள்கிறேன்” என்றார். பத்து டாலரை உறையில் போட்டு அனுப்பினேன். மற்ற இரண்டு பட்டையிலும் சீட்டைக் கிழித்துவிட்டு ‘1944, உப்பு விடும், சுட்டதும் வெந்நீரில் கழுவவும், 30 டாலர்’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

துருக்கிப் பட்டைகளைப் பார்த்தபோது படித்த படிப்பு உதவிற்று. கீழ்த்தட்டில் கிடந்த ஒரு பட்டையைப் பிரித்தால், தோட்டாக்களின் கழுத்தில், கூடு குண்டைக் கவ்வுகிற இடத்தில், தலைமயிர் பருமனுக்கு நெடுக்கு விரிசல். ஒன்றிரண்டில் என்றால் விடலாம். எழுபதில் பாதிக்கு மேல் அப்படி. அதே வகை, அதே ஆண்டு, அதற்கு மேலே இருந்த தட்டில் ஐந்து பட்டையும் பழுதில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் பாடம் இது. பித்தளையை அழுத்தி இழுத்துக் கூடாக்கும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அப்படிப்பட்ட பித்தளையின் மேல் அம்மோனியாக் காற்று பட்டால் தானாகவே விரிந்துபோகும். இந்த நோய் முதலில் தொல்லை கொடுத்தது இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. ஈரமும் குதிரை மூத்திரத்து அம்மோனியாவும் சேர்ந்து கூடுகள் விரிசல் விட்டன. மழைக்காலம் வந்தால் வருகிற நோய் என்பதால் பருவ விரிசல் என்றே உலோகவியலில் பெயர் நிலைத்துவிட்டது. காரணம் இன்னதென்று பிரிட்டனில் 1921-ல் ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு மருந்து, கழுத்தை நெருப்பில் காட்டி இறுக்கத்தைத் தளர்த்துவது. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பொன்னுமாக ஒரு சாயல் தெரியும், அது சூடு காட்டிய தடம். சூடு காட்டியதற்குச் சாட்சியாக அதைத் துடைக்காமலே விட்டுவிடுவார்கள். அப்பா இருந்தால் அந்த நிறத்தைப் பார்த்தே தரம் சொல்லியிருப்பார்.

சரி, இந்த பேஸ்மென்டில் அம்மோனியா எங்கிருந்து வந்தது? அலமாரியின் கீழே எட்டிப் பார்த்தேன். அம்மாள் வளர்க்கிற பூனைக்கு மண் போட்டு வைக்கிற தட்டு, விரிசல் பட்டை கிடந்த அலமாரித் தட்டுக்கு நேர் கீழே. பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்றார். பூனைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், துருக்கிப் பித்தளை தானாகவும் விரிந்திருக்கலாம். என்றாலும் லாயத்துக் குதிரை என் கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பட்டை முழுவதையும் விற்பனையிலிருந்து எடுத்தேன். அடுக்கில் ஐந்து பேர் நன்றாக இருந்தாலும் ஆறாமவனை ஒளித்து அனுப்ப முடியாது.

இனி அந்தக் காபி டப்பா. உதிரி .303-கள் இருநூற்றுச் சொச்சம். அந்த எண்ணைக் கேட்டால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ‘த்ரீ நாட் த்ரீ’. நான் படித்த காலத்தில் காவல் நிலையத்து வாசல் பாரா தோளில் அதுதான். கல்லூரி என்.சி.சி. முகாமில் நானும் சுட்டேன், ஐந்து ரவுண்டு. முதல் வெடிக்கே தோள்பட்டை கன்றிவிட்டது. அதைவிட நினைவில் இருப்பது அதற்கப்புறம் நடந்தது. சுட்ட வெற்றுக் கூடுகளை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு கூடு குறைந்தது. ஹவில்தார் எங்கள் முப்பது பேரையும் நெருஞ்சி முள் தரையில் வரிசையாக முட்டி போட்டுத் தேடவைத்தார். இருட்டுகிற நேரத்தில் ஒருவனுடைய காக்கி அரைக்கால் சட்டை மடிப்பில் அகப்பட்டது. ஒரு வெற்றுக் கூட்டுக்கு அந்தப் பாடு. இங்கே உயிருள்ள தோட்டா இருநூறு, காபி டப்பாவில், எண்ணிக்கை தெரியாமல். எது சரி என்று இரண்டு நாட்டையும் பார்த்தவனாகச் சொல்லச் சொன்னால், எண்ணுகிற நாட்டின் பக்கம்தான் நான்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் படித்தேன். டி ஐ, இஸட் என்று வெட்டியவை கனடாவில் செய்தவை. இஸட் இருந்தால் உள்ளே சாதாரணத் துகள் மருந்து. வெறுமனே ரோமன் ஏழு மட்டும் இருந்தால் கார்டைட். எம் எஃப் என்பது ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்க்ரே. ஆர் ஜி என்பது இங்கிலாந்தின் ராட்வே கிரீன். படித்துப் படித்து வரிசையாக வைத்துக்கொண்டு போகையில் ஒன்றில் கே, எஃப் என்று இரண்டு எழுத்து. புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கடைக்காரரே சொன்னார்: “உங்கள் நாடு. கிர்க்கி.”

புனேக்குப் பக்கத்தில் இப்போது கட்கி என்று சொல்கிற ஊர். 1869-ல் தொடங்கிய வெடிமருந்து ஆலை. டப்பாவில் தேடிப் பார்த்ததில் அந்த முத்திரையோடு பதினேழு இருந்தன. அதில் ஒன்றின் பிரைமர் அரித்துப் பயனற்றுப் போயிருந்தது. கடைக்காரர் அதைத் தன் பட்டறையில் வைத்துக் குண்டைக் கழற்றிக் காட்டினார். நான் துகள் கொட்டும் என்று பார்த்தேன். உள்ளேயிருந்து வந்தது சேமியா. பழுப்பு நிறத்தில், நீள நீளமாக, கட்டிவைத்த மாதிரி அடுக்கி. அதுதான் கார்டைட். ஏபெல், டியூவார் இருவரும் 1889-ல் உண்டாக்கியது, நைட்ரோகிளிசரினையும் துப்பாக்கிப் பஞ்சையும் வாசலினோடு பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் பிழிந்தெடுப்பது.

கார்டைட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மலை ரயில் நினைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிறபோது குன்னூர், வெலிங்டன் தாண்டி அருவங்காடு ஸ்டேஷன். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் போனபோது வாத்தியார் ஜன்னல் வழியாகக் காட்டி, “அதோ பாருங்கடா கார்டைட் ஃபேக்டரி, 1904-லேர்ந்து இருக்கு” என்றார். கார்டைட் என்றால் என்ன சார் என்று ஒருவன் கேட்டான். வெடிமருந்து என்றார். யூகலிப்டஸ் வாசனையும் நீராவிப் புகையுமாக வண்டி நகர்ந்துவிட்டது. இந்திய ஆலைகளின் தோட்டாக்களுக்கு வேண்டிய மருந்தைப் பிழிந்த இடம் அது. என் உள்ளங்கையில் கிடந்த அந்தச் சேமியா நீலகிரிக் குளிரில், நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் கையால் கட்டுக் கட்டப்பட்டதாக இருக்கலாம் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. நாற்பது வருஷமாக நான் தெரிந்துகொள்ளாமல் விட்ட கேள்விக்குப் பதில் பென்சில்வேனியாவில் ஒரு காபி டப்பாவுக்குள் இருந்திருக்கிறது.

இதற்கு என்ன விலை போடுவது? கடைக்காரர் பற்றில்லாமல் சொன்னார். சுடுகிறவனுக்கு அது உப்பு விடுகிற பழைய .303, அரை டாலர். சேகரிப்பவனுக்குத் தேதி தெளிவாகவும் ஊதா மோதிரம் முழுசாகவும் இருக்கிற ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் கூடப் பெறும். உங்கள் ஊர்ப் பாசத்துக்குச் சந்தையில் விலை இல்லை. சரியான பேச்சு. உதிரியில் களிம்பு குழியாகத் தின்றவை, விரிசல் விட்டவை, குண்டு ஆடுகிறவை ஐம்பத்திரண்டைக் கழித்தேன். மீதி 160, ஒன்று அரை டாலர் வீதம் 80 டாலர். பிரிக்காத அட்டைப்பெட்டிக்கு 50. பெட்டியின் மேலிருந்த அச்சுக்காகவே அந்த விலை. உள்ளிருக்கிற அதே தோட்டாவை உதிர்த்துப் போட்டால் பாதி.

அப்போது சந்தை நிலவரமும் சாதாரணமாக இல்லை. முந்தின டிசம்பரில் கனெக்டிகட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த கொடுமைக்குப் பிறகு சட்டம் கடுமையாகும் என்ற பேச்சில் ஆட்கள் கடை கடையாகத் தோட்டாக்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அலமாரிகள் காலி. இரட்டை விலை சொன்னாலும் வாங்கியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் முகங்கள் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்த நாட்களில் அந்தக் கூடுதல் பணத்தை வாங்க அம்மாளுக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. முந்தின கோடையின் விலையைக் கேட்டு, அதையே வைத்தோம். இணையத்தில் போடவில்லை, யாரென்று தெரியாதவருக்கு விற்கவில்லை. எல்லாவற்றையும் கடைக்காரர் மேஜையில் வைத்து, அவருக்குத் தெரிந்த ஆட்களுக்கு, அவர் கண் முன்னால் மட்டும் கொடுத்தோம். அவர் கமிஷன் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

கணக்கு இதுதான். லேக் சிட்டி 53 ஐந்து பட்டை, 40 வீதம் 200 டாலர். 1944 மூன்று பட்டை, 30 வீதம் 90. கறுப்பு நுனி மூன்று பட்டை, 85 வீதம் 255. ரஷ்ய டின் இரண்டு, 105 வீதம் 210. துருக்கி ஐந்து பட்டை, 25 வீதம் 125. .303 எல்லாம் சேர்த்து 130. மொத்தம் 1,010 டாலர். முதலில் 300 சொன்ன ஆள் தோட்டாக்களின் அடியை ஒன்றுகூடக் கவிழ்த்துப் பார்க்கவில்லை என்று அம்மாள் பிறகு சொன்னார். பார்த்தவராகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. புதுக் கொதிகலன் மே மாதம் வந்தது. அதன் செலவில் ஒரு பங்கு இந்தப் பணம்.

விலை போடாமல் ஒதுக்கியவை, துருக்கிப் பட்டை எழுபதும் உதிரி ஐம்பத்திரண்டும் சேர்த்து 122. காவல் நிலையத்துக்கு முன்னதாகப் போன் செய்து கேட்டோம். ஓர் அதிகாரியே வீட்டுக்கு வந்து, பேஸ்மென்ட் மேஜையில் வைத்து எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். அவர் எண்ணியபோது நான் என்.சி.சி. ஹவில்தாரை நினைத்துக்கொண்டேன்.

நம்மவர்கள் இப்போது இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளாகப் பார்த்து வாங்குகிறார்கள். பேஸ்மென்டிலோ பரணிலோ இப்படி ஒரு டப்பா அகப்பட்டால் குப்பையில் போடாதீர்கள், தேய்க்காதீர்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தெருமுனையில் கேட்கிறவரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, ஊர்க் காவல் நிலையத்தின் அவசரமல்லாத எண்ணுக்குப் போன் செய்யுங்கள். விற்பதானால் தெரிந்த கடைக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பாருங்கள். கே, எஃப் என்று இரண்டெழுத்து கண்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.